இறக்கைக்குக் கட்டிய வண்டி

“கிளப் விழாவுல ஒரு பெரியவர் பேசினார், டீச்சர். விமானம் மேல சாகிறது கொஞ்சம், கீழ ரோட்டுல இழுத்துட்டுப் போகையிலதான்... அப்புறம் என்னமோ சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். அந்த மிச்சம்தான் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது.”

“வந்தா?”

“அதுபடி பிளேனை இழுத்துட்டுப் போற வண்டியைக் கட்டுவேன்.”

திலகவதி டீச்சர், பயிருக்கு மருந்து தெளிக்கும் டிரோன் ஒன்றை மடியில் கவிழ்த்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் விமானக் கிளப்பில், எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கிளப்பை மூடிய பிறகு விவசாயிகளுக்கு டிரோன் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அமலதாஸைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவன் அவர் முன்னால் உட்காருவதில்லை.

“பெரியவர் சொன்னது கிடக்கட்டும்,” என்றார். “எதை ஏத்தப் போறீங்க?”

அமலதாஸ் சொன்னான்.

அவனும் செலஸ்டினும் சேர்ந்து ஒரு சின்ன விமானம் கட்டியிருந்தார்கள். மரமும் துணியும். இரண்டு பேர் உட்காரலாம். பின்களை உருவினால் இரண்டு இறக்கையும் கையோடு வந்துவிடும். யுத்த காலத்தில் போட்டு, பிறகு கைவிட்ட ஓடுதளம் ஒன்றின் ஓரத்தில், தகரக் கொட்டகைக்குள் அது நின்றது.

ஓடுதளத்தில் ஊர்ப் பெண்கள் மிளகாய் காயப்போடுவார்கள். கிளம்புவதற்கு முன்னால் செலஸ்டின் போய்க் கும்பிடு போட்டு ஒதுக்கச் சொல்லுவான்.

“ஒங்க பிளேன் ஏறுதோ இல்லையோ, எங்க வத்தல் பறக்குது,” என்று அவர்கள் திட்டுவார்கள்.

இப்போது மிளகாய் இல்லை. ஓடுதளம் முழுக்க சோலார் பலகை வரப்போகிறது. கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

செலஸ்டினும் இல்லை. அதாவது, இருக்கிறான். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நுரையீரலில் தொடங்கியது முதுகுத்தண்டுக்கு வந்துவிட்டது. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் அவன் போட்ட சத்தத்தில் டிரைவர் பயந்துபோய் வண்டியைத் திருப்பிவிட்டார்.

“அவனால பிளேன்கிட்ட வர முடியாது,” என்றான் அமலதாஸ். “அதான் நான் பிளேனை அவன்கிட்ட கொண்டுபோறேன். அப்படியே வேற ஊர்ல வைக்க ஒரு இடமும் பாத்திருக்கேன்.”

“அவர் கேட்டாரா?”

“கேக்கணுமா டீச்சர்? அவன் கையால இழைச்ச இறக்கை.”

டீச்சர் டிரோனைத் திருப்பிப் போட்டுத் துடைத்தார்.

“எப்படிக் கட்டினா இறக்கைக்கு வலிக்காது?”

“யாரைக் கேக்கறீங்க?”

“உங்களைத்தான்.”

“எனக்கு இறக்கை இல்லையே,” என்றார் டீச்சர். கை கழுவ எழுந்து போனார்.

*

அமலதாஸ் முதலில் சக்கரம் வைத்து இரும்பில் ஒரு சட்டம் அடித்தான். அதன் மேல் இறக்கைகளைப் படுக்கவைத்து, அசையாதபடி கயிற்றால் இறுக்கினான். எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கினான்.

டீச்சர் வந்து பார்த்தார். கயிறு ஒன்றை விரலால் சுண்டினார். அது வீணைக் கம்பி போல ஒலித்தது.

“நல்லா இறுகியிருக்கு,” என்றான் அமலதாஸ்.

“இறுகியிருக்கு,” என்றார் டீச்சர்.

ஜீப்பில் கட்டி, மண்பாதைக் கடைசியில் இருக்கும் பம்ப்செட் வரைக்கும் இழுத்துப் போய்த் திரும்பி வந்தார்கள். கயிற்றை அவிழ்த்தபோது, இறக்கைத் துணி ஓரிடத்தில் உள்ளே அமுங்கியிருந்தது. அமலதாஸ் விரலால் தடவினான். துணிக்குக் கீழே மரப் பட்டி முறிந்திருந்தது.

“சத்தமே கேக்கல டீச்சர்.”

“கயிறு நல்ல கயிறு,” என்றார் டீச்சர்.

அன்றைக்கு ஜெபக்கனியிடமிருந்து போன் வந்தது. செலஸ்டினின் மனைவி.

“அண்ணே, அவிய வீட்டுக்குப் போணும் போணும்ங்காவ.”

“அதான் ரயில்வே கேட்டுக்கிட்டயே பாத்தோமே, தங்கச்சி.”

“முதுகுத்தண்டுக்குள்ள யாரோ ஆணி அடிக்க மாதிரி இருக்காம். ஆனாலும் போணுமாம். கொஞ்சம் வந்துட்டுப் போங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாவ.”

“வாரேன். சும்மா வர மாட்டேன், பிளேனோட வாரேன். அதை அவன்கிட்ட சொல்லு. தெம்பா இருப்பான்.”

“சொல்லுதேன்,” என்றாள் ஜெபக்கனி.

*

இரண்டாவது வண்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கயிறு வேண்டாம் என்று மெத்தை போட்டான். இறக்கை மெத்தைக்குள் நீந்தியது. பம்ப்செட் போய்ச் சேருவதற்குள் பின்னோரம் வண்டியின் பக்கத்துத் தகட்டில் இடித்து நசுங்கிவிட்டது.

டீச்சர் மெத்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

“எதுக்கு டீச்சர்?”

“படுக்க.”

*

நசுங்கியதை ஒட்டி, முறிந்ததைச் சேர்த்து, அமலதாஸ் மறுபடி உட்கார்ந்தான். இந்தத் தடவை அவன் வண்டியைப் பார்க்கவில்லை. இறக்கையைப் பார்த்தான். துணியைத் தாங்குவது பட்டி. பட்டிகளைத் தாங்குவது இறக்கையின் நீளத்துக்கும் ஓடுகிற நடுக்கட்டை. பறக்கும்போது எல்லாப் பாரமும் அதில்தான். அப்படியானால் தரையிலும் அதில்தான் தாங்க வேண்டும்.

நடுக்கட்டை வந்து உட்காருகிற மாதிரி, ஒவ்வொரு இறக்கைக்கும் அடிமுனையில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக மரத் தாங்கிகள் செய்தான். வேறு எங்கேயும் இறக்கை எதையும் தொடாது. அகல நாடாவால் ஒரு சுற்று; மழைக்கு மேலே ஒரு தகரக் கூரை. குலுக்கம் குறைய, வண்டிக்கு அடியில் இருக்கும் வில்லில் இரும்புப் பட்டைகளைக் குறைத்தான்.

வேலை முடிகிற நேரத்தில் செலஸ்டினே கூப்பிட்டான். குரல் ரொம்பத் தூரத்தில் இருந்தது.

“ஏல, பிளேனைக் கொண்டாரியாமே?”

“ஆமால. சன்னல் வழியா நல்லாப் பாத்துக்கோ.”

“என் சன்னல்ல தெரியது தண்ணி டேங்கு. அதுல ஒரு காக்கா. அதைத்தான் பாத்துட்டுக் கெடக்கேன்.”

“அப்ப கட்டிலோட வாசலுக்குத் தள்ளிட்டு வரச் சொல்லுதேன்.”

“வாசல்ல ஆட்டோ ஸ்டாண்டு. ‘அண்ணாச்சி, இறக்கையைக் கொஞ்சம் ஒதுக்குங்க, சவாரி போணும்’பான்.”

சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமல் வேறு எதுவாகவோ ஆனது. அமலதாஸ் போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தான்.

“ஏல.”

“சொல்லு.”

“இங்க லைட்டை அணைக்கவே மாட்டேங்கான்ல. கண்ண மூடினாலும் உள்ள வெளிச்சமா இருக்கு. வீட்டுல லைட்டை அணைச்சிட்டு ஒரு தடவை படுக்கணும். அவ்வளவுதான்.”

“நீ ஒண்ணும் கவலப்படாத. வண்டி இந்தத் தடவ பிரமாதமா வந்திருக்கு. நாளைக்குப் பொறப்பட்டுருவேன்.”

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

“கேக்காலே?”

“கேக்கு,” என்றான் செலஸ்டின். “சரி. கொண்டா.”

*

டீச்சர் வண்டியைச் சுற்றி வந்தார். தாங்கிகளைத் தொட்டார். குனிந்து வில்லைப் பார்த்தார்.

“கிளப்புல ஒரு வழக்கம் இருந்தது,” என்றார். “வண்டி கட்டினவர் இறக்கை இருக்கிற இடத்துல முதல்ல படுத்துட்டுப் போகணும். அதுக்கப்புறம்தான் இறக்கை.”

“எனக்கு இதைச் சொன்னதே இல்லையே.”

“நீங்க அப்ப வண்டி கட்டல.”

“முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு தடவ உடைச்சிருக்க மாட்டேன்ல?”

“படுங்க.”

அமலதாஸ் படுத்தான். ஒரு தாங்கி தோள்பட்டைகளுக்கு நடுவில் வந்தது. இன்னொன்று இடுப்புக்கு மேலே. டீச்சர் நாடாவைச் சுற்றிக் கட்டினார். கையை அசைக்க முடியவில்லை. தலைக்கு மேலே வண்டியின் தகரக் கூரை, அதில் வெல்டிங் புள்ளிகள்.

டீச்சர் ஜீப்பில் ஏறினார்.

ஓடுதளம் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அது முடிந்து மண்பாதை தொடங்கியதும் தெரிந்தது.

முதல் பள்ளத்தில் அவன் சிரித்தான். அடுத்ததில் பல்லைக் கடித்தான். பிறகு எந்தப் பள்ளம் எப்போது வரும் என்று பார்க்க முடியாததுதான் பெரிய வேதனையாக இருந்தது. உடம்பு அதற்காகக் காத்துக் கிடந்தது. காத்திருக்கும்போதே வலித்தது.

“டீச்சர்!” என்றான்.

வண்டி போனது.

“டீச்சர், போதும்!”

வண்டி போனது. அவன் கத்தினான். எதையோ சொல்லிக் கத்தினான். அது வார்த்தையாக இருந்ததா என்று பிற்பாடு அவனால் சொல்ல முடியவில்லை.

பம்ப்செட்டில் வண்டி நின்றது. டீச்சர் வந்து நாடாவை அவிழ்த்தார்.

“எங்க வலிச்சது?”

“நான் கத்தினேன்ல?”

“கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் நிறுத்தல?”

“பம்ப்செட் வரைக்கும் போறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன்,” என்றார் டீச்சர். “அங்க வந்துதானே நிறுத்தணும்.”

அமலதாஸ் அவர் முகத்தைப் பார்த்தான். அதில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை.

“எங்க வலிச்சது?”

“முதுகுத்தண்டுல. தாங்கி வர்ற ரெண்டு இடத்துலயும்.”

“இறக்கைக்கு அதுதான் சரியான இடம். வண்டி சரியா வந்திருக்கு. ஏத்துங்க.”

*

அவன் ஏற்றவில்லை.

கொட்டகைக்குத் திரும்பி வந்து, வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தான். கொட்டகையின் கூரையை ஆட்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விமானத்தின் உடல் ஏற்கெனவே வெளியே நின்றது. இறக்கைகள் இரண்டும் கித்தானில் சுற்றி, சுவரோரம் கிடந்தன. மேற்கே மேகம் இறங்கியிருந்தது.

“சார்,” என்று கூரை மேலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். “கடைசித் தகரம். இறக்கைய எடுக்கேளா, இல்ல எங்க தலையில வைக்கேளா?”

“இருங்க.”

“மழ காத்துட்டு இருக்காது சார்.”

டீச்சர் கொஞ்ச தூரத்தில் நின்று வேர்க்கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

“டீச்சர்,” என்றான் அமலதாஸ். “ஆம்புலன்ஸ்ல படுக்கை எப்படி இருக்கும்?”

“பலகை மாதிரி. மேல ரெக்சின் போட்டிருப்பாங்க.”

“ரயில்வே கேட்ல ஏறும்போது...”

 

அவன் எழுந்து போய் ரம்பத்தை எடுத்தான். மரத் தாங்கிகளை ஒவ்வொன்றாக அறுத்து வெளியே போட்டான். நல்ல தேக்கு. அறுக்க நேரமெடுத்தது. பிறகு சுவரோரம் போய், இறக்கைகளைச் சுற்றியிருந்த கித்தானை உருவினான்.

கூரை மேலிருந்தவன் இறங்கியே வந்துவிட்டான்.

“சார், மழ வருதுங்கேன். இப்பப் போய் அதை உருவுறீங்க? துணி இறக்க சார் அது.”

“வேற கித்தான் இல்ல.”

“எதுக்கு வேற?”

அமலதாஸ் கித்தானை இரண்டாக மடித்தான். பழைய டயர் டியூபை நாடா நாடாவாகக் கிழித்து, கித்தானின் நான்கு மூலையிலும் இரண்டு பக்கத்திலும் முடிந்து, வண்டிச் சட்டத்தில் தொங்கவிட்டான். தூளி போல அது தொங்கியது. வில்லில் இன்னொரு பட்டையைக் கழற்றினான்.

ஆட்கள் இறக்கைகளைத் தூக்கிக்கொண்டுபோய் விமானத்துக்குப் பக்கத்தில், கட்டாந்தரையில் வைத்தார்கள். கடைசித் தகரம் விழுந்தது.

“டீச்சர், இன்னொரு தடவ ஓட்டுவீங்களா?”

டீச்சர் கையிலிருந்த தோலை உதறிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அதே ஓடுதளம். அதே மண்பாதை. இந்தத் தடவை அவன் கத்தவில்லை. பம்ப்செட்டில் டீச்சர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னான்.

“வலிக்கல.”

“யாருக்கு?”

அமலதாஸ் தூளிக்குள் கிடந்தபடியே கூரையைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

ஜெபக்கனி எடுத்து, செலஸ்டின் காதில் வைத்தாள்.

“என்னல, பொறப்பட்டாச்சா?”

“இல்ல. ஒரு விஷயம் கேக்கணும்.”

“கேளு.”

“வண்டியில ஒரு தூளி கட்டியிருக்கேன். நான் படுத்துப் பாத்தேன். எனக்கு வலிக்கல. உனக்கு வலிக்கும்.”

“எவ்வளவு?”

“அது எனக்குத் தெரியாது.”



“பிளேனு?”

“வெளிய கெடக்கு.”

“அங்க என்ன சத்தம்? மழையா?”

“ஆமா. இப்பத்தான் விழுது.”

“மூடியிருக்கியால?”

“இல்ல.”

“துணி போயிரும்ல.”

“போயிரும்.”

“பட்டியெல்லாம் ஊதிரும்.”

“ம்.”

 பின்னணியில் யாரோ ஒரு நர்ஸ் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர்கள் பதில் சொல்லவில்லை போலும், மறுபடியும் கூப்பிட்டாள்.

“வீடு வரைக்கும் தாங்குவனால?”

“தெரியல.”

“டாக்டரு மாதிரி பேசாத.”

“தாங்காமலும் போலாம்.”

“ம். இது பரவால்ல.” இருமினான். “நடுவுல கத்துனேன்னா?”

“நிறுத்துவேன்.”

“திரும்ப ஆஸ்பத்திரிக்கா?”

“நீ எங்க சொல்லுதியோ அங்க.”

“ஏல, நீ முன்னால உக்காந்து ஓட்டுவ. நான் பின்னால தகரத்துக்குள்ள கெடப்பேன். கத்துனா உனக்கு எப்படிக் கேக்கும்?”

மழை வண்டியின் கூரையில் பலமாக விழத் தொடங்கியிருந்தது. டீச்சர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்தபடி வெளியே நின்றார்.

அமலதாஸ் தூளியிலிருந்து இறங்கி, “சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், டீச்சர், நீங்களே ஓட்டுங்க,” என்று சொல்லிவிட்டு, வண்டிக்குள் தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.